இரவுக்கு இட்லியா, சப்பாத்தியா? மதுரைச் சாப்பாட்டுக் கணக்கு

மதுரையில் எடையைக் குறைக்க வேண்டும் என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் போதும், மறுநாளே அவர் வீட்டில் கோதுமை மாவு வந்து இறங்கிவிடும். சர்க்கரை எட்டிப் பார்த்தாலும் சப்பாத்தி, தொப்பை விழுந்தாலும் சப்பாத்தி, மகளுக்குக் கல்யாணம் நெருங்கினாலும் சப்பாத்தி. அரிசி சதை போடும், கோதுமை சதையைக் கரைக்கும் என்பது இங்கே ஏறத்தாழ வேதவாக்கு. ஊரோ நள்ளிரவிலும் ஆவி பறக்க இட்லி அவித்துக்கொண்டிருக்கும் ஊர். இரண்டையும் ஒரே இலையில் வைத்துப் பார்த்துவிடுவோம். கூடவே கம்பங்கூழையும், அழைக்காவிட்டாலும் வந்து உட்காரும் பரோட்டாவையும்.

ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணைப்படி, 100 கிராம் பச்சரிசியில் சுமார் 356 கலோரி. முழுக்கோதுமை மாவில் 320. கம்பில் 348, கேழ்வரகில் 321, பரோட்டாவுக்குப் பிசையும் மைதாவில் 352. எல்லாம் பங்காளிகள்தான். இதில் ஒன்று உடம்பை இளைக்க வைக்கும், மற்றது பெருக்க வைக்கும் என்று யாராவது அடித்துச் சொன்னால், அவர் மாவு விற்பவராக இருக்கலாம்.

வித்தியாசம் நார்ச்சத்தில் இருக்கிறது. கோதுமை, கம்பு, கேழ்வரகு மூன்றிலும் 100 கிராமுக்கு 11 கிராம் அளவில் நார்ச்சத்து உண்டு. தீட்டிய அரிசியிலும் மைதாவிலும் மூன்று கிராம்கூட இல்லை. சப்பாத்தியின் உண்மையான பெருமை இதுதான். மெல்ல நேரமாகும், வயிறு சீக்கிரம் நிறைந்ததாகத் தோன்றும், இரத்தச் சர்க்கரை ஏறுவதும் சற்று நிதானப்படும். ஆனால் மில்லில் கோதுமையை அரைத்து வாங்கி வந்து, சப்பாத்தி மிருதுவாக வர வேண்டும் என்று மெல்லிய சல்லடையில் சலித்து, தவிட்டை மாட்டுத் தொட்டியில் கொட்டும் வீடுகள் உண்டு. அந்த வீடுகளில் மாடுதான் இளைக்கும்.

அடுத்து, அடுப்படியில் நடப்பதைப் பார்க்க வேண்டும். மாவு பிசையும்போது ஒரு கரண்டி எண்ணெய். உருண்டைகள் காயாமல் இருக்க மேலே ஒரு தடவல். தேய்த்து, மடித்து, உள்ளே எண்ணெய் பூசி, முக்கோணமாகத் தேய்த்தால் அடுக்கடுக்காக வருமாம், அதற்கு ஒன்று. கல்லில் போட்டபின் சுற்றிலும் ஒரு விடல், திருப்பிப் போட்டு இன்னொரு விடல். 30 கிராம் மாவில் செய்த வெறும் சப்பாத்தி 100 கலோரிக்கு உள்ளே நிற்கும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் சேர்ந்தால் 140 ஆகிவிடும். மூன்று சப்பாத்தி என்றால் 420. தொட்டுக்கொள்ள என்ன? உருளைக்கிழங்கு குருமா, அதில் அரைத்துவிட்ட தேங்காயும் முந்திரியும். அறுநூறைத் தாண்டியபின், “இரவில் நான் சோறே தொடுவதில்லை” என்று சொல்லிக்கொள்ளலாம்.

இட்லிப் பக்கம் வருவோம். வீட்டுத் தட்டில் அவித்த 40 கிராம் இட்லி ஒன்று ஏறத்தாழ 50 கலோரி. ஆவியில் வேகிறது, தட்டில் தடவும் எண்ணெயோ, துணி போட்டு அவித்தால் அதுவும் வேண்டாம். நான்கு இட்லி 200. துவரம்பருப்பும் காயும் தாராளமாகப் போட்ட சாம்பார் ஒரு கிண்ணம் சேர்த்தாலும் 300-ஐ ஒட்டித்தான் நிற்கும். உளுந்தும் அரிசியும் சேர்ந்திருப்பதால், இரண்டின் புரதமும் ஒன்றன் குறையை மற்றொன்று ஈடுகட்டும். புளித்த மாவு செரிமானத்துக்கும் லேசு.

அதற்காக இட்லியைக் கோயிலில் வைக்க வேண்டியதில்லை. மல்லிகைப்பூ இட்லி என்று நாம் கொண்டாடும் அந்த மென்மையே அதன் குற்றம். மெல்லாமலே உள்ளே போய்விடும். ஆறோ ஏழோ ஆனபின்தான் கை நிற்கும். இட்லி அரிசியின் மாவுச்சத்து அரைபட்டு, புளித்து, வெந்து வருவதால் சர்க்கரையையும் விரைவாக ஏற்றும். இன்னொரு வில்லன் மிளகாய்ப்பொடி. பொடியில் குற்றமில்லை, அதில் குழி பறித்து ஊற்றும் நல்லெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி என்றால் 120 கலோரி, அதாவது இரண்டு இட்லிக்கு மேல். தேங்காய்ச் சட்டினியை ஒரு கரண்டியோடு நிறுத்தி, தக்காளி, புதினா, மல்லிச் சட்டினிகளை விருப்பம்போல் வைத்துக்கொள்ளலாம். நாலு வகைச் சட்டினி வைக்கும் ஊரில் இதற்கு வழியில்லாமல் இல்லை.

என் தீர்ப்பு: சர்க்கரை இல்லாதவர், எடை மட்டும்தான் கவலை என்றால் இட்லி, எண்ணித் தட்டில் வைத்துவிட்டு, பாத்திரத்தை அடுப்படியிலேயே விட்டுவிட வேண்டும். சர்க்கரை உள்ளவருக்கு எண்ணெய் விடாமல் சுட்ட இரண்டு சப்பாத்தி, அதற்குப் பாசிப்பருப்புக் கூட்டோ, கீரைக் கடைசலோ, கொண்டைக்கடலையோ. குருமாவோடு சப்பாத்தி என்றால் இட்லியே மேல். இரவுக்கு ஓட்ஸ் கஞ்சி என்று ஆரம்பித்த பலர் பத்தரை மணிக்கு மிக்சர் டப்பாவைத் திறப்பதால், அதை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை.

கம்பங்கூழ் இப்போது மறுபடி மவுசு பெற்றிருக்கிறது. வெயில் காலத்தில் மதுரைச் சாலையோரங்களில் தள்ளுவண்டிப் பானையைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். 50 கிராம் கம்பு மாவில் பெரிய சொம்பு நிறையக் கூழ் கரைத்துவிடலாம், கலோரி 175 அளவில்தான். மோரும் சின்ன வெங்காயமும் சேர்ந்தால் அருமையான மதிய ஆகாரம். கூடவே வரும் மோர்மிளகாயும் வற்றலும் எண்ணெயில் பொரித்தவை, உப்பும் ஏராளம். நாளுக்கு ஐந்து கிராம் உப்புக்குள் இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கூழ்வண்டியில் இரண்டு மோர்மிளகாயோடு எழுந்து வருபவரை நான் பார்த்ததில்லை. இரவுக்குக் கூழ் எனக்கு ஒத்துவருவதில்லை, நீராகாரம் என்பதால் படுக்கும் நேரத்தில் பசி திரும்பிவிடும். அதே மாவைக் களியாகக் கிண்டிக் கீரைக் குழம்போடு சாப்பிட்டால் தாங்கும்.

பரோட்டாவைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. மாஸ்டர் வீசி, சுருட்டி, கல்லில் போட்டு, எண்ணெயைச் சுற்றி ஊற்றி, நாலைந்தை அடுக்கி இரு கையாலும் தட்டும்போது நாக்கு ஊறாதவர் இந்த ஊரில் பிறந்திருக்க மாட்டார். ஆனால் கடைப் பரோட்டா ஒன்றே 300 கலோரியைத் தொடும். இரண்டும் சால்னாவும் என்றால் வீட்டில் சாப்பிடும் எட்டு இட்லி, சாம்பாரைவிட அதிகம். கொத்துப் பரோட்டா அதற்கும் அண்ணன். விட முடியாதவர்கள் மாதம் ஓரிரு நாள் ஒரு பரோட்டாவும் இரண்டு ஆம்லெட்டும் வெங்காயமும் என்று வைத்துக்கொள்ளலாம். அல்லது அதே கடையில் இட்லி கேட்கலாம். மதுரைப் பரோட்டாக் கடைகள் பலவற்றில் அதுவும் சுடச்சுட இருக்கும், அதே சால்னாவைக் கொஞ்சமாக விட்டுக்கொண்டால் மனமும் ஆறும்.

நடையா, ஜிம்மா என்ற கேள்வி கூடவே வரும். திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டிய வண்டியூர்த் தெப்பக்குளத்தை ஒருமுறை சுற்றினால் ஒன்றேகால் கிலோமீட்டர் அளவுக்கு வரும். நான்கு சுற்று வேகமாக நடக்க ஒரு மணி நேரம்; 70 கிலோ உடம்புக்கு 250 முதல் 300 கலோரி செலவாகலாம். கரையில் ஒரு தட்டு பஜ்ஜி, அதற்கு மேல் ஒரு ஜிகர்தண்டா என்றால் செலவு வரவாகிவிடும். சுண்டலோடு நிறுத்துபவர் பிழைத்தார். பருத்திப்பால் நல்லதுதான், அதில் இருக்கும் கருப்பட்டியும் இனிப்புதான் என்பதை மறக்காதவரை.

வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சியோடு, இரண்டு நாள் தசைக்குப் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரைவதைத் தடுக்க அந்த இரண்டு நாள் அவசியம். அதற்கு ஜிம் நல்லது; இல்லையென்றால் வீட்டிலேயே சுவரில் கையூன்றித் தள்ளுவதும், நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவதும் போதுமான தொடக்கம். கட்டணம் கட்டிவிட்டுப் போகாமலிருக்கும் ஜிம்மைவிட, தினமும் போகும் தெப்பக்குளக் கரைக்குத்தான் என் ஓட்டு. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தெருவில் கால் மணி நேரம் நடந்தால் உணவுக்குப் பிந்தைய சர்க்கரையும் அடங்கும்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட முடியாது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றிரவே ஆறு இட்லியை மூன்றாக்கிவிடக் கூடாது. மருந்தின் அளவு பழைய சாப்பாட்டுக்கு ஏற்ப இருப்பதால், சர்க்கரை திடீரென இறங்கி நடுராத்திரி வியர்த்துக் கொட்டலாம். மருத்துவரிடம் கேட்டுவிட்டு, மருந்தையும் தட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.