ஐந்து நாளா, மூன்று நாளா, வீடா? அலுவலகம் திரும்பச் சொன்னபோது ஊழியர்கள் என்ன செய்தார்கள்

கொரோனாவுக்குப் பிறகு ஊழியர்களை அலுவலகத்துக்குக் கூப்பிட்டதில் நிறுவனத்துக்கு நிறுவனம் வித்தியாசம் இருந்தது. ஐந்து நாளும் வா என்றது ஒரு வகை. வீட்டிலேயே இரு, ஆனால் பதவி உயர்வைக் கேட்காதே என்றது இன்னொரு வகை. வாரம் மூன்று நாள், மாதம் பத்து நாள் என்று கணக்கு வைத்தவை உண்டு. வீட்டிலிருந்தே செய்யட்டும் என்று விட்டவையும் உண்டு. இந்த நான்கையும் ஊழியர் பக்கம் நின்று பார்க்கிறேன். எத்தனை நாள் வரச் சொன்னார்கள் என்பதைவிட, வந்த நாளில் அங்கே என்ன வேலை நடக்கிறது, நிர்வாகம் சொன்ன சொல் எவ்வளவு காலம் நிற்கிறது என்ற இரண்டும்தான் மனக்கசப்பின் அளவைத் தீர்மானித்தன என்பது என் முடிவு.

முதலில் ஐந்து நாள். 2025க்குள் தன் ஊழியர்களில் 25 சதவீதம் பேர் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று 2020இல் அறிவித்தது ஐ.டி. நிறுவனமான டிசிஎஸ். 2023 அக்டோபரில் அதே நிறுவனம் ஐந்து நாளும் வரச் சொன்னது. 2024 ஏப்ரலில் வேரியபிள் பே எனப்படும், சம்பளத்தில் கூடக்குறைய மாறும் பகுதியையும் வருகையோடு முடிச்சுப் போட்டது: வருகை 60 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தத் தொகை கிடையாது, 85க்கு மேல் போனால்தான் முழுத் தொகை. இந்த மாதிரி அறிவிப்புகளை நம்பிச் சென்னை வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு மதுரை, திருநெல்வேலி பக்கம் போனவர்கள் ஐ.டி. துறை முழுக்க இருக்கிறார்கள். பிள்ளைகளை அங்கேயே பள்ளியில் சேர்த்தார்கள், வயதான பெற்றோரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு இது வெறும் விதி மாற்றம் இல்லை, ஒரு குடும்பத்தின் ஏற்பாட்டையே கலைத்துப் போடும் விஷயம்.

சென்னையின் ஐ.டி. சாலையான ஓஎம்ஆரில் போய் வருகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தாம்பரத்திலிருந்து சிறுசேரி சிப்காட்டுக்குக் கிளம்புகிறவர் மேடவாக்கம், சோழிங்கநல்லூர் என்று ஒவ்வொரு சிக்னலாகக் கடந்து, மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய சாலையில் ஊர்ந்து, இருக்கைக்கு வந்து சேர்கிறார். லேப்டாப்பைத் திறந்து ஹெட்செட்டை மாட்டினால் லீட் புனேயில், டெஸ்டர் கொல்கத்தாவில், கிளையன்ட் லண்டனில். பக்கத்து இருக்கைக்காரர் வேறு பிராஜெக்ட், அவருக்கும் காதில் ஹெட்செட். இதற்காகவா வந்தோம் என்ற கேள்விக்கு எந்த ஹெச்.ஆர். மின்னஞ்சலும் நேராகப் பதில் சொன்னதில்லை.

அப்படியும் இங்கே பெரிய எதிர்ப்பு கிளம்பவில்லை. அமெரிக்காவில் கிளம்பியது. அமேசான் வாரம் மூன்று நாள் வரச் சொன்னபோதே, 2023 மே 31 அன்று சியாட்டில் தலைமையகத்தில் ஊழியர்கள் வெளிநடப்பு செய்தார்கள். 2024 செப்டம்பரில் ஐந்து நாள் என்று அறிவிப்பு வந்தது. அதைப் பிடிக்காதவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்ற பொருளில் அமேசானின் கிளவுட் பிரிவான ஏடபிள்யூஎஸ்ஸின் தலைவர் மேட் கார்மன் பேச, ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டுக் கடிதம் எழுதினார்கள். 2025 ஜனவரியில் விதி அமலுக்கு வந்தே விட்டது.

டிசிஎஸ்ஸில் வேலையை விட்டுப் போகிறவர்களின் விகிதம் 2022 செப்டம்பர் வாக்கில் 21 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. 2024 மார்ச்சில் அது 12.5. ஐந்து நாள் விதி வந்த பிறகு விலகல் குறைந்திருக்கிறதே, அப்படியானால் ஊழியர்களுக்குச் சம்மதம்தானே என்று நிர்வாகங்கள் வாதிடலாம். அந்த வாதம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. அந்தக் காலத்தில் துறை முழுக்க ஆள் எடுப்பு சுருங்கிக் கிடந்தது. போக இடமில்லாதவர் பேசாமல் இருப்பதைச் சம்மதக் கணக்கில் எழுதக் கூடாது. அதைவிட முக்கியமான தகவல் அதே நிறுவனத்தின் 2022-23 ஆண்டறிக்கையில் இருக்கிறது. பெண்கள் விலகும் விகிதம் ஆண்களைத் தாண்டியிருக்கிறது, வழக்கத்தில் இப்படி இருந்ததில்லை என்று மனிதவளத் தலைவரே எழுதினார். வீட்டிலிருந்து வேலை செய்த காலம் சில பெண்களின் குடும்ப ஏற்பாடுகளை மாற்றியது காரணமாக இருக்கலாம் என்றும் சொன்னார். மொத்த விகிதத்தை மட்டும் பார்த்தால் இது கண்ணிலேயே படாது.

அடுத்து கணினி நிறுவனமான டெல். 2024 பிப்ரவரியில், ஒரு காலாண்டில் 39 நாள் அலுவலகம், மீதி வீடு என்ற ஹைப்ரிட், இல்லாவிட்டால் முழுக்க வீடு, எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்றார்கள். வீட்டை எடுத்தால் பதவி உயர்வும் இல்லை, உள்ளுக்குள்ளேயே வேறு வேலைக்கு மாறவும் முடியாது. அமெரிக்காவில் இருந்த முழுநேர ஊழியர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வீட்டைத்தான் எடுத்ததாக அப்போது செய்தி வந்தது. ஒரு மனிதர் தன் உயர்வையே விட்டுக்கொடுத்து அந்த நேரத்தைக் கேட்கிறார் என்றால் அது அவருக்கு எவ்வளவு தேவையாக இருந்திருக்க வேண்டும்! அந்த விலையைக் கொடுத்தவர்களுக்கும் ஏற்பாடு நிலைக்கவில்லை. 2025 மார்ச்சிலிருந்து, அலுவலகத்துக்குப் பக்கத்தில் வசிப்பவர்கள் ஐந்து நாளும் வர வேண்டும் என்று உத்தரவு வந்தது. நான்கு வழிகளில் மோசமானது எது என்று கேட்டால் ஐந்து நாள் விதியைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன். ஐந்து நாள் விதியிலாவது நிலைமை முதல் நாளிலேயே தெரிந்துவிடுகிறது.

மூன்றாவது, கணக்கு வைக்கும் ஹைப்ரிட். விப்ரோ வாரம் மூன்று நாள், இன்ஃபோசிஸ் மாதம் பத்து நாள் என்று 2023 நவம்பரில் கொண்டுவந்தன. ஐந்து நாளோடு ஒப்பிட்டால் இது பெரிய ஆறுதல்தான். ஆனால் எண்ணிக்கை மட்டுமே விதி என்று ஆகும்போது ஆட்களும் எண்ணிக்கையை மட்டும் நிறைவேற்றுகிறார்கள். வந்து ஸ்வைப் பண்ணு, காபி குடி, மதியத்துக்கு முன்னால் கிளம்பு. இந்தப் பழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. அதைப் பிடிக்க நிர்வாகம் மணிக்கணக்கையும் பார்க்கத் தொடங்கினால், வேலையைப் பற்றிய பேச்சு குறைந்து வருகையைப் பற்றிய பேச்சுதான் மிஞ்சும்.

ஹைப்ரிட்டை ஒழுங்காகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்குச் சீனாவின் பயண முன்பதிவு நிறுவனமான ட்ரிப்.காம் நல்ல சான்று. 1,612 ஊழியர்களை வைத்துச் சோதனை நடந்தது, பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் ப்ளூமும் சேர்ந்து எழுதிய முடிவுகள் 2024இல் நேச்சர் இதழில் வந்தன. ஒரு பிரிவினருக்குப் புதனும் வெள்ளியும் வீடு, மற்ற மூன்று நாள் அலுவலகம். விலகல் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மேனேஜர் அல்லாதவர்கள், பெண்கள், தூரத்திலிருந்து வருகிறவர்கள் ஆகியோரிடம்தான் இந்தப் பலன் நன்றாகத் தெரிந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் பதவி உயர்விலும் செயல்திறன் மதிப்பீட்டிலும் பாதிப்பில்லை. நாட்கள் நிலையானவை என்பதைக் கவனியுங்கள். அந்த மூன்று நாளும் டீமே ஒன்றாக அலுவலகத்தில் இருக்கிறது.

முழுக்க வீடு என்பதற்கும் இதே நிறுவனம் பாடம் தருகிறது. சிட்ரிப் என்ற பெயரில் இருந்தபோது, 2010இல் கால் சென்டர் ஊழியர்களில் விரும்பியவர்களை வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டார்கள். செயல்திறன் 13 சதவீதம் ஏறியது. சோதனை முடிந்து எது வேண்டும் என்று கேட்டபோது அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். தனிமை அதற்கு ஒரு முக்கியக் காரணம். அதே அளவு நன்றாக வேலை செய்தும் பதவி உயர்வு தங்களுக்குக் குறைவாகக் கிடைத்ததை அவர்கள் பார்த்தார்கள். நம் ஊரில் ஒன்பது பேருக்கு ஒரே ஹால் இருக்கும் வீட்டில் கால் எடுப்பவர்களையும், வேலை இன்னும் பழகாத ஃப்ரெஷர்களையும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து கோட் பார்த்துச் சொல்ல ஒரு சீனியர் இல்லாவிட்டால் முதல் இரண்டு வருடம் வீணாகிவிடும். அதனால் வீடே எல்லோருக்கும் தீர்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் வரிசை இதுதான்: டீம் முழுதும் ஒன்றாக வரும் நிலையான இரண்டு மூன்று நாள் முதலில். அனுபவசாலிகளுக்கு முழுக்க வீடு அடுத்தது, அதுவும் பதவி உயர்வில் கை வைக்காமல் இருந்தால். ஸ்வைப் கணக்கு ஹைப்ரிட் மூன்றாவது, ஐந்து நாள் நான்காவது, தண்டனையோடு தரும் தேர்வு கடைசி. வேலை மாறுகிறவர்கள் சம்பளம் பேசும்போதே இதையும் பேசுங்கள்: எந்தெந்த நாள் வர வேண்டும், அன்றைக்கு என் டீமில் யார் யார் அதே கட்டடத்தில் இருப்பார்கள், விதி மாறினால் எத்தனை மாதம் முன்னால் சொல்வீர்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால், மின்னஞ்சலில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.