ஜாயிண்டைக் கருவாடு போட்ட கதை: மண்டபத்தில் 11 வருடம் ஓடிய ஜிப்சி

2014-ல் வாங்கும்போதே என் மாருதி ஜிப்சி ஜீப் பழைய வண்டிதான். 2001 மாடல், 1300 சிசி. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில் நண்டும் கணவாயும் வாங்கி ஏற்றிவிடும் தொழில் எனக்கு. ஐஸ் பெட்டியோடு மணலில் இறங்கி ஏற ஒரு வண்டி வேண்டியிருந்தது. இத்தனை வருடத்தில் எஞ்சின் என்னைப் படுத்தியதே இல்லை. படுத்தியதெல்லாம் அடியில் சுழலும் ஷாஃப்டுகள்தான்.

ஜிப்சியில் எஞ்சின் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், கியர்பாக்ஸோடு ஒட்டாமல் நடுவில் தனியாக இருக்கும். அதனால் கியர்பாக்ஸிலிருந்து அதுவரை ஒரு குட்டி ஷாஃப்ட், அங்கிருந்து முன் ஆக்சிலுக்கு ஒன்று, பின் ஆக்சிலுக்கு ஒன்று. ஷாஃப்டின் முனை மேலும் கீழும் மடங்கியபடியே சுழல விடுவது கிராஸ் ஜாயிண்ட், கூட்டல் குறி மாதிரி இருக்கும். ஷாஃப்டுக்கு இரண்டு வீதம் ஆறு. ஒவ்வொரு கிராஸின் நாலு முனையிலும் ஒரு கப், கப்புக்குள் வரிசையாக ஊசி உருளைகள். உப்புத் தண்ணீர் தேடிப்போய் உட்காருவது அங்கேதான்.

2018 மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்கு முந்தின நாள்வரை கரையில் ஓட்டிவிட்டு, மேலாகக் கழுவிக் கொட்டகையில் நிறுத்தினேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். திரும்ப எடுத்தபோது, மெதுவாகப் போனால் குருவி கத்துகிற மாதிரி கீச் கீச் என்றது. பிரேக் என்று நினைத்து நாலு சக்கரத்தையும் பிரித்துப் பார்த்தது வீண் வேலை. அடுத்த வாரம் ரிவர்ஸ் போட்டால் ‘டங்’. அப்புறம் 60-ஐத் தொட்டால் சீட்டே நடுங்கியது. ராமநாதபுரம் பட்டறையில் பாய் பின் ஷாஃப்டை இறக்கி ஒரு கப்பைத் தட்டி எடுத்தார். கிரீஸ் இருந்த இடத்தில் செங்காவித் தூள். “என்ன தம்பி, ஜாயிண்டைக் கருவாடு போட்டு வச்சிருக்கீங்க?” என்றார்.

ஓடுகிற வண்டியில் உருளைகள் அசைந்துகொண்டே இருப்பதால் கிரீஸும் பரவிக்கொண்டே இருக்கும். நின்றுபோன வண்டியில் உள்ளே போன உப்புநீர் ஒரே இடத்தில் தங்கி, உருளை உட்கார்ந்த இடத்திலேயே பள்ளம் அரிக்கும். வண்டி ஓடாததால் தேய்மானம் இல்லை என்று நான் மகிழ்ந்திருந்த இரண்டு மாதமும் அதற்குள் இந்த வேலைதான் நடந்திருக்கிறது.

பாய் நல்ல ஜாயிண்டாக வாங்கிவரச் சொன்னார். நான் பாதி விலைக்குக் கிடைத்ததை வாங்கிக்கொண்டு போனேன். அது 7 மாதம் வந்தது. மூக்கையூரிலிருந்து லோடோடு திரும்பும்போது சாயல்குடி தாண்டி ஒரு கப் வெளியே வந்துவிட்டது. ஷாஃப்ட் முழுதாகப் பிய்ந்து அடியில் அடிக்கத் தொடங்கும் முன் நிறுத்தினேன். பாயிடம் போனில் கேட்டு, பின் ஷாஃப்டைக் கழற்றி உள்ளே போட்டுக்கொண்டு, ஃபோர் ஹையில் (நாலு சக்கர இழுவையின் வேக கியர்) போட்டு முன் சக்கரங்களின் இழுவையிலேயே மெதுவாக வீடு வந்தேன். நாலு சக்கர இழுவைக்குக் கொடுத்த காசு அன்று ஒரே நாளில் வசூல்.

அதற்குப் பிறகு நானே மாற்றக் கற்றுக்கொண்டேன். கழற்றும் முன் ஃபிளாஞ்சிலும் (ஷாஃப்டை போல்ட் போட்டு மாட்டும் தட்டு) ஷாஃப்டிலும் பெயின்ட் கோடு போட வேண்டும். ஒருமுறை சோம்பலில் விட்டு, நடுவிலிருக்கும் ஸ்ப்லைனை (ஷாஃப்ட் நீண்டு சுருங்கும் பல் வைத்த இணைப்பு) ஒரு பல் தள்ளிக் கோத்துவிட்டேன். ஷாஃப்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நின்றால்தான் ஒரு ஜாயிண்டில் வரும் வேக ஏற்ற இறக்கத்தை மற்றது சரிக்கட்டும். இல்லையென்றால் புது ஜாயிண்டும் நடுங்கும். கப்பை வைஸில் வைத்து அழுத்தும்போது சர்க்ளிப் (கப்பைப் பிடித்து நிறுத்தும் வளையம்) உட்காரும் பள்ளம் தெரியவில்லை என்றால், உள்ளே ஓர் ஊசி சாய்ந்து கிடக்கிறது என்று அர்த்தம். சுத்தியலை எடுக்காதீர்கள். கப்பை வெளியே எடுத்து ஊசியை நிறுத்துங்கள். கவையின் காது ஒருமுறை விரிந்துவிட்டால் ஷாஃப்டையே மாற்ற வேண்டியதுதான்.

சீல் வைத்த ஜாயிண்டா, கிரீஸ் அடிக்க நிப்பிள் உள்ளதா என்று கேட்டால், எங்கள் கரைக்கு நிப்பிள்தான். தண்ணீரில் இறங்கிய நாளில் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிட்டு அப்புறம் கிரீஸ் கன். வரிசை முக்கியம், உள்ளே புகுந்த தண்ணீரையும் புது கிரீஸ்தான் தள்ள வேண்டும். நாலு கப்பின் ஓரத்திலும் பழைய கிரீஸ் பிதுங்க வேண்டும். ஒன்றில் பிதுங்கவில்லை என்றால் அது அடைத்திருக்கிறது. ஸ்ப்லைன் நிப்பிளில் மட்டும் அளவாக அடியுங்கள்.

முன் ஆக்சில் தனி வம்பு. அதில் சக்கரம் திரும்பும்போதும் சீரான வேகத்தில் சுழற்றும் சி.வி. ஜாயிண்ட், உருண்டையான ஹவுசிங்குக்குள் இருக்கும். அந்த உருண்டை துருப்பிடித்துச் சொரசொரத்தால் சீல் கிழியும், மணல் உள்ளே போகும். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும்போது ‘டக் டக்’ என்றால் அதுதான். உருண்டையைத் துடைத்து கிரீஸ் தடவுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் தனுஷ்கோடி ரோட்டில் மணல் ஏறிக் கிடக்கும். அதற்காக ஃபோர் வீல் போட்டவர்கள் தார் வந்ததும் எடுத்துவிடுங்கள். திருப்பங்களில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரம் ஓடுவதில்லை. மணலில் வழுக்கித் தீரும் அந்த வித்தியாசம், தாரில் ஷாஃப்டுகளை முறுக்கும்.

இப்போது குட்டி ஷாஃப்டைக் கையால் திருகினால் லேசாக ஆட்டம் தெரிகிறது. ஜாயிண்ட் வாங்கி அலமாரியில் வைத்தாயிற்று. ஏப்ரல் 15 அன்று வண்டி கொட்டகைக்குள் போகும். அன்று சாயங்காலமே நான் அதற்கு அடியில் போவேன்.