லிசெஸ் தளத்தின் செக்மேட் புதிர்கள்: ஒரு மதிப்பீடு

பிரான்சைச் சேர்ந்த நிரலாளர் திபோ டூப்ளெசி 2010இல் தொடங்கிய லிசெஸ், விளம்பரமோ கட்டணமோ இல்லாமல் நன்கொடையிலேயே நடந்துவரும் சதுரங்கத் தளம். அதன் புதிர்ப் பகுதியில் செக்மேட் வகைகளை மட்டும் தேர்ந்தெடுத்துப் பயிலும் வசதியைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். கணக்குத் தொடங்காமலேயே எத்தனை புதிர்கள் வேண்டுமானாலும் போடலாம்; பணம் கட்டாதவர்களுக்கு நாளுக்குச் சில புதிர்களோடு கதவைச் சாத்திவிடும் தளங்களும் இருக்கையில் இது சிறிய விஷயமல்ல.

இப்புதிர்கள் எவரும் உட்கார்ந்து இயற்றியவை அல்ல. தளத்தில் நடந்த ஆட்டங்களை ஸ்டாக்ஃபிஷ் எனும் சதுரங்கக் கணினி நிரலைக் கொண்டு அலசிப் பொறுக்கி எடுத்தவை. எனவே பழைய புத்தகப் புதிர்களின் நேர்த்தியை இவற்றில் எதிர்பார்க்கக் கூடாது. வேலையில்லாத சிப்பாய்கள் மூலைக்கு மூலை நிற்கும், நம் ராணியே அடிபடக் காத்திருக்கும். போட்டிக்குப் போகிறவருக்கு இந்தக் குழப்பம்தான் உண்மையான பயிற்சி என்பது என் கருத்து. ஒவ்வொரு முயற்சியையும் நமக்கும் புதிருக்கும் நடந்த ஓர் ஆட்டமாகவே கணக்கிட்டு இருவரின் ரேட்டிங்கையும் (திறன் மதிப்பெண்) ஏற்றி இறக்குவதால், நம் தரத்தை ஒட்டிய புதிர்களே பெரும்பாலும் வந்து சேர்கின்றன.

சொந்தக் காய்களாலேயே அடைபட்ட ராஜாவைக் குதிரையால் மூச்சடைத்துப் போடும் மேட், இப்படித் தேர்ந்தெடுத்துப் பயிலும் வகைகளுக்கு நல்ல எடுத்துக்காட்டு. கறுப்பு ராஜா எச்8 மூலையில் (எழுத்து நெடுவரிசையையும் எண் கிடைவரிசையையும் குறிக்கும்), ஜி7, எச்7 கட்டங்களில் அதன் சிப்பாய்கள், எஃப்8இல் யானை. நம் குதிரை எச்6இல், ராணி சி4இல். ராணியை ஜி8இல் கொண்டுபோய் வைத்துச் செக் சொன்னால், குதிரை காவல் நிற்பதால் ராஜாவால் அதை அடிக்க முடியாது, யானைதான் அடித்தாக வேண்டும். அடித்தவுடன் ராஜாவுக்கிருந்த கடைசிக் கட்டமும் அடைபட, குதிரை எஃப்7க்குத் தாவி மேட்.

குறையும் இங்கேதான் தொடங்குகிறது. ‘மூச்சடைப்பு மேட்’ என்று தலைப்பைப் பார்த்தே உள்ளே வந்தவருக்குப் பாதி விடை முன்பே கையில் இருக்கிறது. முதல் நகர்த்தலை ஊகத்தில் வைத்தாலும் தளம் உடனே எதிராளியின் பதிலை ஆடிவிடுவதால், முழு வரிசையையும் மனத்தில் ஓட்டிப் பார்க்கும் கட்டாயம் நமக்கு இல்லை. எதிராளிக்கு இரண்டு பதில்கள் உள்ள இடத்திலும் ஒன்று மட்டுமே ஆடப்படும்; மற்றதற்கு நாம் என்ன வைத்திருந்தோம் என்று யாரும் கேட்பதில்லை. பின்னர் அலசல் பலகையில் அதை நாமே ஆடிப் பார்க்க முடியும் என்றாலும், பச்சைக் குறி விழுந்த பிறகு அதற்குப் பொறுமை உள்ளவர்கள் குறைவு. மூன்று நிமிடக் கடிகாரத்தோடு தொடங்கி, நேரம் தீர்வதற்குள் முடிந்த அளவு புதிர்களைப் போடும் ‘பசில் ஸ்டார்ம்’ கைவேகத்துக்கு நல்லது, கணிப்புக்கு அன்று.

விதிகளை இப்போதுதான் கற்ற குழந்தைக்கு ஒரே நகர்த்தலில் முடியும் மேட்டுகள் போதும். அந்தக் கட்டத்தைத் தாண்டியவர்கள் வகை பிரிக்காமல் எல்லாம் கலந்து வரும் அமைப்பில் போடுவதே பயன் தரும். பயிற்சியாளர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: புதிர்த் தரவுத்தளம் முழுவதையும் எவரும் இலவசமாகப் பதிவிறக்கி விருப்பப்படி பயன்படுத்தலாம் என்பதால், இரண்டு, மூன்று நகர்த்தல் மேட்டுகளைப் படமாக அச்சிட்டுக் கொடுத்து, எதிராளியின் எல்லாப் பதில்களுக்கும் சேர்த்து விடையைத் தாளில் எழுதச் சொல்லலாம்.