முழு ஃபீஸ் தள்ளுபடியா, நல்ல கல்லூரியா? 185-க்கு மேல் கட்-ஆஃப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கணக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே போன் வர ஆரம்பித்துவிடும். "சார், பையன் கட்-ஆஃப் 192 தானே? எங்க காலேஜ்ல நாலு வருஷமும் ட்யூஷன் ஃபீஸ் முழுக்க ஃப்ரீ. இந்த வாரத்துக்குள்ள வந்து சீட்டைப் பிளாக் பண்ணிடுங்க." (கட்-ஆஃப் என்பது பிளஸ் டூ கணிதம், இயற்பியல், வேதியியல் மார்க்கை 200-க்கு மாற்றிப் போடும் கணக்கு.) போன் நம்பர் எப்படிக் கிடைத்தது என்பது ஒரு தனிக் கதை, அது இப்போது வேண்டாம். தமிழ்நாடு அரசின் இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு ரேங்க் லிஸ்ட்கூட வந்திருக்காது. அதற்குள் வீட்டில் பாதிப் பேர் "ஃப்ரீயா குடுக்குறாங்களே" என்று ஒரு பக்கம், மீதிப் பேர் "கவர்மென்ட் காலேஜுக்குக் காத்திருக்கலாம்" என்று ஒரு பக்கம்.

மதிப்பெண் அதிகமுள்ள தமிழ்நாட்டு மாணவருக்கு இன்ஜினியரிங்கில் இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. கவுன்சலிங் வழியே அண்ணா பல்கலை வளாகங்கள், அரசுக் கல்லூரிகள், அரசு உதவிபெறும் கல்லூரிகள் என்பது ஒன்று. கட்-ஆஃபைப் பார்த்து ஸ்காலர்ஷிப் தரும் சுயநிதிக் கல்லூரி இரண்டாவது. நுழைவுத்தேர்வு ரேங்க்கைப் பார்த்துச் சலுகை தரும் டீம்டு (நிகர்நிலை) பல்கலைக்கழகம் மூன்றாவது. ஜே.இ.இ. மெயின் நன்றாக எழுதியவர்களுக்கு என்.ஐ.டி. நான்காவது. நான்கிலும் 'மெரிட்' என்ற சொல் வருகிறது, ஆனால் பணம் கையில் நிற்பது நான்கிலும் நான்கு விதம்.

முதலில் 'நூறு சதவீதம் தள்ளுபடி' என்பதன் உண்மையான மதிப்பைப் பார்ப்போம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

சுயநிதிக் கல்லூரியில் கவுன்சலிங் சீட்டுக்கு எவ்வளவு வாங்கலாம் என்பதை அரசின் கட்டண நிர்ணயக் குழு முடிவு செய்கிறது. 2017-இல் அது வைத்த கட்டணம் ஆண்டுக்கு 50,000 ரூபாய், தேசிய அங்கீகாரம் பெற்ற கோர்ஸ் என்றால் 55,000. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு 85,000, அங்கீகாரம் பெற்ற கோர்ஸுக்கு 87,000. நீங்கள் சேரும் ஆண்டின் எண் வேறாக இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கு போடும் முறை ஒன்றுதான்.

55,000 என்று வைத்தால், முழுத் தள்ளுபடியின் மதிப்பு நான்கு ஆண்டுக்கு 2,20,000. சரி, பெரிய தொகைதான். ஆனால் அந்த மாணவர் குடும்பத்தின் முதல் பட்டதாரி என்றால்? ஒற்றைச் சாளர கவுன்சலிங்கில் சேரும் முதல் பட்டதாரிக்கு அரசே ஆண்டுக்கு 25,000 ரூபாய் கட்டணச் சலுகை தருகிறது. வருமான வரம்பு கிடையாது, வீட்டில் ஒருவருக்கு மட்டும். அப்போது அவர் எந்த ஸ்காலர்ஷிப்பும் இல்லாமலே கட்ட வேண்டியது 30,000-தான். கல்லூரி 'தருவது' நான்கு ஆண்டுக்கு 1,20,000 ஆகச் சுருங்கிவிடுகிறது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வருபவருக்கோ மதிப்பு பூஜ்யம். 2021 முதல் இன்ஜினியரிங்குக்கும் வந்த இந்த ஒதுக்கீட்டில் கல்விக் கட்டணம், ஹாஸ்டல், கவுன்சலிங் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. அந்த மாணவரிடம் போய் "உனக்கு ஃபீஸ் ஃப்ரீ" என்று ஒரு கல்லூரி சொன்னால், ஏற்கெனவே அவர் பையில் இருப்பதை எடுத்து அவருக்கே நீட்டுகிறது என்று அர்த்தம்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. கவுன்சலிங் வரை காத்திருக்காமல் மே மாதமே வந்து சேரச் சொல்லும் கல்லூரி, பல சமயம் சீட்டை மேனேஜ்மென்ட் கோட்டாவில் போடுகிறது. அந்தக் கோட்டாவில் சேர்ந்தால் முதல் பட்டதாரிச் சலுகையும் கிடையாது, 7.5 சதவீதமும் கிடையாது. கல்லூரி தரும் தள்ளுபடி ஏதோ ஒரு செமஸ்டரில் நின்றால், கீழே விரிக்க வலையே இல்லை. 87,000 வரை கட்ட வேண்டியதுதான். அதனால் ஸ்காலர்ஷிப் பேசும் கல்லூரியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு தள்ளுபடி?" என்பதல்ல, "எந்தக் கோட்டாவில் போடுகிறீர்கள்?" என்பது. கவுன்சலிங்கில் எங்கள் கல்லூரியை எடுத்து வாருங்கள், தள்ளுபடி தருகிறோம் என்று சொல்லும் கல்லூரிகளும் உண்டு. அவற்றோடு உட்கார்ந்து பேசலாம்.

அப்புறம் நிபந்தனைகள். பிளஸ் டூ மார்க் முடிந்துபோன விஷயம், யாராலும் குறைக்க முடியாது. ஆனால் ஸ்காலர்ஷிப் தொடர்வது பெரும்பாலும் இனிமேல் வாங்கப்போகும் மார்க்கைப் பொறுத்தது. அரியர் வைக்கக் கூடாது, சிஜிபிஏ 8-க்கோ 8.5-க்கோ கீழே போகக் கூடாது, அட்டெண்டன்ஸ் இத்தனை சதவீதம் வேண்டும் என்று இருக்கும். முதல் செமஸ்டர் கணக்குப் பேப்பரான எம்-1 எத்தனை சென்டம்காரர்களைக் கவிழ்த்திருக்கிறது என்று எந்த சீனியரைக் கேட்டாலும் சொல்வார். ஒரு அரியர் வந்தால் அந்த ஒரு செமஸ்டருக்கு மட்டும் தள்ளுபடி போகுமா, மீதி எல்லா ஆண்டுகளுக்கும் போகுமா? இதை எழுத்தில் தருவார்களா? "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்ற பதிலுக்கு நான் மதிப்பு பூஜ்யம்தான் போடுவேன்.

தள்ளுபடி ட்யூஷன் ஃபீஸுக்கு மட்டும்தான் என்பதும் அடிக்கடி மறந்துபோகிற விஷயம். பஸ், மெஸ், பிளேஸ்மென்ட் ட்ரெய்னிங், யூனிஃபார்ம், லேப்டாப், அசோசியேஷன் என்று ரசீது நீளும். சில இடங்களில் பஸ் கட்டாயம். வீடு பக்கத்துத் தெருவில் இருந்தாலும் கட்ட வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். முழுத் தள்ளுபடி தரும் கல்லூரி, வீட்டிலிருந்து போய்வரும் மாணவர்: பஸ் 40,000, மற்றவை 20,000. ஆண்டுக்கு 60,000, நான்கு ஆண்டுக்கு 2,40,000. இன்னொரு பக்கம் வெளியூர் அரசுக் கல்லூரி, கட்டணம், அரசு ஹாஸ்டல், மெஸ் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு அதே 60,000 என்று வைத்துக்கொண்டால், அங்கேயும் 2,40,000தான். 'ஃப்ரீ' சீட்டும் ஃபீஸ் கட்டும் சீட்டும் ஒரே விலையில் வந்து நிற்கின்றன. முதல் சீட்டில் தள்ளுபடி மூன்றாம் செமஸ்டரில் நின்றால் மீதி மூன்று ஆண்டுக்கு 1,65,000 கூடும். இரண்டாவதில் அந்தப் பயம் இல்லை.

கையில் கட்-ஆஃப் 195-ஐத் தாண்டி இருந்தால் எனக்கு இதில் பெரிய குழப்பம் இல்லை. அண்ணா பல்கலையின் கிண்டி, எம்.ஐ.டி., ஏ.சி. டெக் ஆகிய வளாகங்களோ, கோவை அரசுக் கல்லூரியான ஜி.சி.டி.யோ, பி.எஸ்.ஜி., சி.ஐ.டி., மதுரை தியாகராஜர் ஆகிய உதவிபெறும் கல்லூரிகளோ கிடைக்கும் கோர்ஸில் கிடைத்தால், அங்கே போவதுதான் லாபம். குறைந்த கட்டணம் என்பது மார்க் போனாலும் போகாத ஸ்காலர்ஷிப். ஒரே ஒரு எச்சரிக்கை: உதவிபெறும் கல்லூரிகளுக்குள்ளேயே அரசு உதவியில் நடக்கும் கோர்ஸ் வேறு, சுயநிதியில் நடக்கும் கோர்ஸ் வேறு, கட்டணமும் வேறு. சாய்ஸ் ஃபில்லிங்கில் கோர்ஸ் பெயருக்குப் பின்னால் சுயநிதியைக் குறிக்கும் 'எஸ்.எஸ்.' இருக்கிறதா என்று கண்ணை ஊன்றிப் பாருங்கள்.

185 முதல் 193 வரை இருப்பவர்களுக்குத்தான் உண்மையான திண்டாட்டம். மேலே சொன்ன இடங்களில் கேட்ட கோர்ஸ் கிடைக்காது, சிவிலோ புரொடக்‌ஷனோ கிடைக்கலாம். நல்ல சுயநிதிக் கல்லூரி கிடைக்கும், ஆனால் தள்ளுபடி இருக்காது. நல்ல பெயர் உள்ள கல்லூரிக்கு ஆள் பிடிக்கும் அவசியமே இல்லையே. அடுத்த வரிசைக் கல்லூரி முழுத் தள்ளுபடியோடு நிற்கும். என் கருத்து இது: வித்தியாசம் நான்கு ஆண்டுக்கு ஒன்றேகால், இரண்டு லட்சம் என்றால், அதைக் கல்விக் கடனாகப் போட்டாவது மேல் வரிசைக்குப் போகலாம். பாடம் ஒரு பக்கம் இருக்கட்டும், உடன் படிக்கும் செட்டே அங்கே வேறு. உங்கள் பிள்ளையின் 190-ஐச் சேர்த்துக்கொண்டு அடுத்த ஆண்டு போஸ்டர் அடிக்கத்தான் தள்ளுபடி தருகிறார்கள் என்றால், வகுப்பில் மற்றவர்கள் 120, 130-இல் இருப்பார்கள். அந்த வகுப்புக்குப் பாடம் எந்த வேகத்தில் போகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் வீட்டில் அந்தத் தொகையே பெரிய பாரம், கடன் என்றாலே அம்மாவுக்குத் தூக்கம் வராது என்றால், என் கருத்தைத் தள்ளிவிட்டுத் தள்ளுபடியை எடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

டீம்டு பல்கலைக்கழகங்களுக்கு வருவோம். இங்கே 'ஹை ஸ்கோர்' என்ற சொல்லுக்கே அர்த்தம் வேறு. தமிழ்நாடு அரசு கவுன்சலிங் 2007 முதல் நுழைவுத்தேர்வு இல்லாமல் பிளஸ் டூ மார்க்கை மட்டும் பார்க்கிறது. வேலூர் வி.ஐ.டி. போன்ற டீம்டு பல்கலைக்கழகத்தில் தலைகீழ்: பிளஸ் டூ தகுதிக்கு மட்டும், சீட்டும் கட்டணமும் நுழைவுத்தேர்வு ரேங்க்கில். முதல் 10 ரேங்க்குக்கு நான்கு ஆண்டும் முழுக் கட்டணத் தள்ளுபடி, 50 வரை 75 சதவீதம், 100 வரை 50 சதவீதம், 500 வரை 25 சதவீதம். லட்சக்கணக்கில் எழுதும் தேர்வில் 500-க்குள் வருவது எத்தனை பேருக்கு முடியும்?

அதனால் அங்கே பெரும்பாலானவர்களுக்கு உண்மையான ஸ்காலர்ஷிப் வேறொரு உருவத்தில் இருக்கிறது. ஒரே கோர்ஸுக்கு ஐந்து கட்டண வகைகள்; ரேங்க் நன்றாக இருந்தால் முதல் வகை, குறையக் குறைய அடுத்தது. கம்ப்யூட்டர் சயன்ஸில் முதல் வகை ஆண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம், ஐந்தாவது 5 லட்சத்தை ஒட்டி. ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு பேருக்கு நான்கு ஆண்டில் 12 லட்சம் வித்தியாசம். என் கணக்கில் முதல் வகை கிடைத்தால் யோசிக்கலாம், இரண்டாவதுக்கு வீட்டு வருமானத்தைப் பார்க்க வேண்டும், அதற்குக் கீழே கவுன்சலிங்கில் 180-க்குக் கிடைக்கும் கல்லூரியே பரவாயில்லை. டீம்டில் முதல் பட்டதாரிச் சலுகையும் 7.5-உம் இல்லை என்பதையும் சேர்த்துக் கழித்துப் பாருங்கள்.

ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். கிராமத்து அரசுப் பள்ளியில் படித்து மாவட்ட அளவில் முதலிடம் வந்தவர்களுக்கு வி.ஐ.டி.யின் 'ஸ்டார்ஸ்' திட்டம் இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு மாணவர், ஒரு மாணவி, படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம். இதற்கு மேலே சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது. தஞ்சாவூர் சாஸ்த்ரா இன்னொரு மாதிரி. தனி நுழைவுத்தேர்வு இல்லை, பிளஸ் டூ மார்க்கை மட்டும் வைத்தும் ஒரு வரிசை போடுகிறார்கள், தஞ்சை, திருச்சி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு பங்கு இடமும் உண்டு. அந்தப் பக்கத்து ஆட்கள் கட்டாயம் விண்ணப்பம் போட்டு வைக்கலாம்.

என்.ஐ.டி. பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். திருச்சியில் பாதி இடங்கள் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு. கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 1,25,000 என்பதைப் பார்த்துப் பயந்து பின்வாங்கும் குடும்பங்கள் இருக்கின்றன, அதுதான் வருத்தம். குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குள் என்றால் கல்விக் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி, 1 முதல் 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. அதாவது 42,000-க்குள் முடியும், சுயநிதிக் கல்லூரியைவிடக் குறைவு. எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கல்விக் கட்டணமே இல்லை. சீட் கிடைத்தால் போங்கள்.

ஒரு கல்லூரியின் தயவு இல்லாமல் அரசுப் பக்கத்திலிருந்து வரும் பணமும் உண்டு, கல்லூரி 'தரும்' ஸ்காலர்ஷிப்பைப் பேசும்போது இதை யாரும் நினைவூட்ட மாட்டார்கள். தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்திய கவுன்சில் (ஏ.ஐ.சி.டி.இ.) தன் அங்கீகாரம் பெற்ற கல்லூரி மாணவிகளுக்குத் தரும் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை. பிளஸ் டூ போர்டில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்தவர்களுக்கு ஒன்றிய அரசின் உதவித்தொகை, முதல் மூன்று ஆண்டும் 12,000, நான்காம் ஆண்டு 20,000. இதற்கும் வருமான வரம்பு உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் 1,000, மாணவிக்குப் புதுமைப் பெண், மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன். பிரகதி கிடைக்கும் ஒரு மாணவிக்கு, 55,000 கட்டணத்தில் ஏறத்தாழ முழுவதும் அதிலேயே போய்விடும். அவர் எந்தக் கல்லூரியின் தள்ளுபடிக்காகவும் வரிசையில் இறங்கிப் போக வேண்டியதில்லை.

ஏற்கெனவே அவசரப்பட்டு எங்கேயோ பணம் கட்டிவிட்டவர்களுக்கு: வகுப்பு தொடங்கும் முன் விலகினால், ஏ.ஐ.சி.டி.இ. விதிப்படி 1,000 ரூபாய்க்கு மேல் பிடித்துக்கொள்ளாமல் மீதியைத் திருப்பித் தர வேண்டும். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே சொல்லிவிட்டது, சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தர வேண்டும். கவுன்சலிங்கில் மேலே இடம் கிடைத்தால், விலகல் கடிதத்தைக் கையில் கொடுத்ததோடு நிற்காமல் மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். தேதி உங்கள் பக்கம் இருக்கும்.