நூறு டாலருக்கு ஒரு டீ

ஊரில் இருக்கும் அம்மாவிடம் போனில் "நூறு டாலருக்கு டீ வாங்கினேன்" என்று சொன்னதும் கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. அப்புறம் "எத்தனை கிலோடா?" என்றார். குடிக்கிற டீ இல்லை அம்மா, பேஸ்பால் பந்தை மேலே வைத்து அடித்துப் பழகுகிற தண்டு, அதற்குப் பேர் டீ என்று விளக்கினால், "குச்சிக்கா நூறு டாலர்?" நியாயமான கேள்விதான். இரண்டு மாதம் பயன்படுத்திய பிறகு என்னிடம் அதற்குப் பதில் இருக்கிறது.

முதலில் நான் எப்படி இதில் மாட்டினேன் என்று சொல்லிவிடுகிறேன். நியூஜெர்சியில் எங்கள் ஊர் லிட்டில் லீகில், அதாவது சிறுவர் பேஸ்பால் அமைப்பில், ஒன்பது வயதுப் பையனையும் எட்டு வயதுப் பெண்ணையும் சேர்த்தபோது, படிவத்தின் கடைசியில் பயிற்சிக்கு உதவ விருப்பமா என்று ஒரு கட்டம் இருந்தது. தண்ணீர் பாட்டில் தூக்குகிற உதவியாக இருக்கும் என்று டிக் போட்டுவிட்டேன். பின்னணிச் சோதனை, குழந்தைகள் பாதுகாப்பு வகுப்பு எல்லாம் முடிந்ததும் மார்ச்சில் ஒரு மெயில் வந்தது. பன்னிரண்டு குழந்தைகள், ஒரு மூட்டை ஹெல்மெட், கோச் நான்.

நான் ஆடியதெல்லாம் டென்னிஸ் பால் கிரிக்கெட். அதுவே போதும் என்று நினைத்தேன், அது எவ்வளவு தப்பு என்று முதல் நாளே தெரிந்தது. நமக்கு மட்டை தரையில் தட்டிக்கொண்டு நிற்கும், பந்து குத்தி எழும்பி வரும், பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம், லேசாகத் தட்டி கீப்பருக்குப் பின்னால் அனுப்பினால் நாலு ரன். இங்கே மட்டை தோளுக்கு மேலே, பந்து குத்தாமலே வருகிறது, நல்ல பந்தை விட்டாலும் ஸ்ட்ரைக், அது மூன்று ஆனால் அவுட், பின்னால் போனால் ஃபவுல், ரன் கிடையாது. அடித்ததும் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும் என்பதை நானே இரண்டு தடவை மறந்தேன். கையை மடக்கி எறிவதும் எனக்கு வரவில்லை. நான் போட்ட பத்துப் பந்தில் அடிக்கிற மாதிரி வந்தது இரண்டு. மீதி நேரம் வரிசையில் நின்ற பதினோரு பேரும் புல் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

குழந்தைகளையே வீசச் சொல்லலாமே என்றால், அந்தப் பிஞ்சு முழங்கைக்கு அது ஆகாது. லிட்டில் லீக் ஆட்டத்தில் 9, 10 வயதுக்கு ஒரு நாளைக்கு 75 பந்துதான் உச்சம், அதிலும் 66 பந்து ஆகிவிட்டால் நாலு நாள் ஓய்வு. அந்தக் கையைப் பயிற்சியிலேயே களைக்க வைத்துவிட்டு சனிக்கிழமை ஆட்டத்துக்கு யாரை நிறுத்துவது?

சரி, காசைக் கொட்டினேன். முதலில் பெரிய கடையில் மலிவான பிளாஸ்டிக் டீ ஒன்று. ஒருவன் அடித்தால் பந்து பத்தடி போகும், டீ இருபதடி போகும், ஒருவன் ஓடிப்போய் எடுத்து வருவான், மறுபடி நிறுத்துவோம், காற்றடித்தால் அதுவே விழும். குளிர் நாளில் மூன்றாவது பயிற்சியிலேயே கழுத்து விரிசல் விட்டது. அடுத்து காலால் மிதித்தால் பந்தை எறிகிற ஒரு இயந்திரம். அதன் கோணத்தைச் சரி செய்யவே அரை மணி ஆகும். அதை விடப் பெரிய கோளாறு, குழந்தைகள் அந்த மிதியடியின் டக் சத்தத்துக்கு மட்டையை வீசப் பழகிவிட்டார்கள். ஆட்டத்தில் சத்தம் போடாத மனிதப் பையன் எதிரே நின்றதும் எல்லாம் போச்சு. அது இப்போது கராஜில் கொலுப் பெட்டிக்குப் பக்கத்தில் ஓய்வெடுக்கிறது.

எதிரணிக் கோச் ஒருவர்தான் டேனர் என்ற பிராண்ட் டீயைக் காட்டினார். அம்மாவிடம் சொன்ன நூறு டாலர் டீ இதுதான். பார்க்க ஒன்றுமே இல்லை: ஒரு அடித்தட்டு, அதில் ஒரு தண்டு, நுனியில் புனல் மாதிரி சுருட்டிய ரப்பர். உயரத்தை மாற்றத் திருகு, பூட்டு எதுவும் கிடையாது. மேலே இழுத்தால் இழுத்த உயரத்தில் நிற்கிறது, அதனால் ஒரு குழந்தைக்கும் அடுத்த குழந்தைக்கும் நடுவில் இரண்டு விநாடிதான். மட்டை கொஞ்சம் கீழே வந்து இடித்தாலும் ரப்பர் வளைந்து கொடுத்துவிட்டு மறுபடி நிமிர்ந்துகொள்கிறது. மேஜர் லீக் என்கிற உச்ச மட்டத்தில் ஆடுகிறவர்களிலேயே பலர் டீயில் அடித்துப் பழகுகிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அதுவரை டீ என்பது நாலு வயதுப் பிள்ளைகளின் டீபால் சமாசாரம் என்று நினைத்திருந்தேன்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். நான் செய்த தப்பை எல்லாப் பெற்றோரும் செய்கிறார்கள்: அடிக்கிறவர் பக்கத்தில் தரையில் பதித்திருக்கும் ஹோம் பிளேட் என்ற தட்டின் நட்டநடுவில் டீயை வைத்து, பக்கத்தில் குழந்தையை நிறுத்துவது. பந்தை அடிக்க வேண்டிய இடம் உடம்புக்கு நேராக இல்லை, அதற்கு முன்னால். நடுவில் வரும் பந்து என்றால் முன்காலுக்கு நேரே, உடம்பை ஒட்டி வரும் பந்து என்றால் இன்னும் முன்னே, வெளியே போகும் பந்து என்றால் கொஞ்சம் பின்னே. ஒரு பழைய தரை விரிப்பை பிளேட் அளவுக்கு வெட்டிப் போட்டு, குழந்தையை அதற்கு ஏற்றபடி நிற்க வைத்த பிறகு டீயை மட்டும் நகர்த்துங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே எங்கள் அணியில் பாதிப்பேரின் பந்து தரையை விட்டு எழும்பியது.

இனிமேல் சொல்வது என் வீட்டுக் கதை. மற்ற பதினோரு பேரும் நான் சொன்னால் கேட்பார்கள், என் பையன் கேட்க மாட்டான். தப்பு என் மேல்தான். அவன் மட்டையைத் தூக்கும்போதே "முழங்கையைத் தூக்கு, தலையை ஆட்டாதே, இடுப்பைத் திருப்பு" என்று அடுக்கிவிடுவேன். ஒரு நாள் மட்டையைக் கீழே வைத்துவிட்டு, "அப்பா, நீங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள பந்து போயிடுது" என்றான். அன்று காரில் வீடு வரும் வரை இருவரும் பேசவில்லை.

மறுநாள் பின்கட்டில் ஏழடிக்கு ஏழடி வலையைக் கட்டி, நடுவில் சிவப்பு டேப் ஒட்டி, டீயை எதிரே வைத்து, "அந்தப் பட்டையை அடி" என்று மட்டும் சொன்னேன். வலையின் உச்சிக்குப் போனால் பந்தின் அடியைத் தொட்டிருக்கிறான், கீழே உருண்டால் மேல்பாகத்தைத் தொட்டிருக்கிறான், 'தொப்' என்று ரப்பர் சத்தம் வந்தால் மட்டை ரொம்பவே கீழே போயிருக்கிறது. இதை யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அவனுக்கே தெரிகிறது. என் வேலை பக்கெட் மேல் உட்கார்ந்து பந்தை எடுத்து வைப்பது. நாற்பது பந்து வரை வாயைத் திறக்காமல் இருந்தேன், அது எனக்குப் பெரிய சாதனை. நாற்பத்தோராவது பந்துக்கு, "அப்பா, இடுப்பு முன்னாடியே திரும்பணுமோ?" என்று அவனாகவே கேட்டான். நூறு டாலரில் எண்பது அதற்கே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்ணுக்கும் இது உதவியது. எதிரணித் தந்தை ஒருவர் சிரித்துக்கொண்டே, இவளுக்கு சாஃப்ட்பால் (பெண்பிள்ளைகள் அதிகம் ஆடுகிற, பெரிய பந்து ஆட்டம்) சரியாக இருக்குமே என்றார். ஹோபோக்கனில் 1972-இல் மரியா பெப்பே என்ற சிறுமி மூன்று ஆட்டம் ஆடியதும் நிறுத்தப்பட்டு, வழக்கு நடந்து, 1974-இல் லிட்டில் லீக் பெண்களைச் சேர்த்துக்கொண்டது இதே மாநிலத்தில்தான். அதைச் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவள் இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில் நிற்கிற ஷார்ட்ஸ்டாப்பின் தலைக்கு மேலே ஒரு அடி அடித்து முதல் பேஸில் நின்றாள், விட்டுவிட்டேன்.

குறை இல்லாமல் இல்லை. அசையாத பந்தை அடிப்பது நேரக்கணக்கைக் கற்றுத்தராது. இருபது நிமிடம் டீ, அப்புறம் அருகிலிருந்து மெதுவாக நான் போடும் பந்து என்று பிரித்துக்கொள்கிறேன். குட்டையான குழந்தைகளுக்கும் தாழ்ந்த பந்துக்கும் குட்டையான வகை ஒன்று தனியாக விற்கிறார்கள், சின்னப் பிள்ளைகள் மட்டும் என்றால் அதைப் பாருங்கள்.

மற்ற சாமான்களுக்கு அதிகம் செலவழிக்காதீர்கள். கையுறை பழசுதான் நல்லது, பிளே இட் அகெய்ன் ஸ்போர்ட்ஸ் மாதிரிக் கடையில் ஏற்கெனவே ஒருவர் பழக்கி மெத்தென்று ஆக்கி வைத்ததே கிடைக்கும். ஆனால் எந்தக் கைக்கு என்று பாருங்கள். இடக்கையால் எறியும் என் பெண்ணுக்கு இடக்கையில் மாட்டுகிற கையுறையை வாங்கி வந்து அசடு வழிந்தேன், வலக்கையில் மாட்டுவதுதான் அவளுக்கு வேண்டும். மரத்தில் செய்யாத மட்டையைப் பழசாக வாங்கினால் யுஎஸ்ஏ பேஸ்பால் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், 2018-லிருந்து அது கட்டாயம், இல்லையென்றால் அம்பயர் ஓரமாக வைத்துவிடுவார்.

அம்மா இப்போது இங்கே வந்திருக்கிறார். சாயங்காலம் பக்கெட் மேல் உட்கார்ந்து பேத்திக்குப் பந்து எடுத்து வைக்கிறார், என்னை விட வேகமாக. விலை விஷயத்தில் மட்டும் இன்னும் சமாதானமாகவில்லை.