டெக்சாஸில் வீடு வைத்திருப்போர் கவனத்துக்கு: சட்டையில் இருக்கும் முத்திரையை நம்பாதீர்கள்

2021 பிப்ரவரிப் பனிப்புயலில் ஹூஸ்டன் பக்கம் இருந்தவர்களுக்கு அந்த வாரத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டு அட்டிக்கில் குழாய் உறைந்து வெடித்து, சீலிங் அப்படியே ஹாலில் விழுந்தது. தண்ணீர்ச் சேதத்தைச் சரிசெய்ய ஆள் வேண்டி போனில் தேடியபோது முதலில் வந்த விளம்பர எண்ணைக் கூப்பிட்டோம். அது கம்பெனியே இல்லை. நம் விவரத்தை வாங்கி வேறு யாருக்கோ விற்கும் கால் சென்டர் என்பது பிறகுதான் தெரிந்தது.

அப்படி எங்கள் விவரத்தை வாங்கிய கம்பெனியிலிருந்து வந்தவரின் சட்டையில் ஐஐசிஆர்சி முத்திரை. இங்கே தண்ணீர்ச் சேத வேலைக்கு எல்லோரும் கேட்கும் சான்றிதழ் அது. நல்ல மரியாதையான பேச்சு. டிடக்டிபிள் (இழப்பீட்டில் நம் கையிலிருந்து போட வேண்டிய பங்கு) கட்ட வேண்டாம், இன்ஷூரன்ஸ்காரர்களிடம் தானே பேசித் தொகையை வாங்கித் தருவதாகச் சொல்லி டேப்லெட்டில் கையெழுத்து வாங்கினார். டெக்சாஸில் இந்த இரண்டுமே சட்டப்படி கூடாது. டிடக்டிபிள் தள்ளுபடியைத் தடுக்கும் சட்டம் 2019 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. இப்படி யாராவது ஆரம்பித்தால் அங்கேயே கதவைச் சாத்திவிடுங்கள்.

அப்புறம் ஹால் முழுக்க ராட்சத ஃபேன்கள். ஒவ்வொன்றுக்கும் நாள் வாடகை. ஆனால் ஈரம் அளக்கும் மீட்டரை ஒருவரும் சுவரில் வைக்கவில்லை, பேஸ்போர்டை (சுவரின் அடியில் ஓடும் பலகை) கழற்றவும் இல்லை. கார்பெட் காய்ந்ததும் ஃபேன்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சுவருக்குள் இருந்த இன்சுலேஷன் மட்டும் ஊறியபடியே கிடந்தது. ஈரம் ஒன்றிரண்டு நாளில் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். பேஸ்போர்டை நெம்பிப் பார்த்தால் பின்னால் கன்னங்கரேலென்று இருக்கிறது. ஷீட்ராக் (சுவரின் ஜிப்சம் பலகை) விரல் பட்டதும் மாவாக உதிர்கிறது.

அதற்கும் அவர்களிடம் ஒரு பேக்கேஜ் தயார்: பூஞ்சை டெஸ்டும் அவர்களே, அகற்றுவதும் அவர்களே! 25 சதுர அடிக்கு மேல் தொடர்ச்சியாகப் பூஞ்சை இருந்தால், அகற்றுபவருக்கு டிடிஎல்ஆர் (டெக்சாஸ் மாநில உரிமத் துறை) லைசென்ஸ் வேண்டும். ஒரே வேலையில் சோதிப்பவரும் அகற்றுபவரும் ஒருவராக இருக்கவும் கூடாது. ஐஐசிஆர்சி தளத்தில் கம்பெனி பெயரைப் போட்டுப் பார்த்தேன். பெயரே வரவில்லை.

தெரிந்தவர் ஒருவர் சொல்லி வந்த அடுத்த ஆள், முதலில் மாடிக்குப் போய் நனையாத சுவரில் மீட்டரை வைத்தார். காய்ந்த சுவர் எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துக்கொண்ட பிறகுதான் கீழே வந்தார். அந்த அளவு வரும்வரை தினமும் அளந்து எழுதி, எங்களுக்கும் ஒரு பிரதி கொடுத்தார். நீங்கள் கேட்க வேண்டியது இந்த தினசரி ஈர அளவுப் பதிவை, அதாவது லாக்கைத்தான். கூடவே, வீட்டுக்கு வருகிற ஆளிடமே டபிள்யூஆர்டி சான்றிதழ் (தண்ணீர்ச் சேத வேலை செய்பவருக்கு ஐஐசிஆர்சி தருவது) இருக்கிறதா என்றும் கேளுங்கள். கம்பெனியில் யாரோ ஒருவரிடம் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

லாக் இல்லாததால் ஃபேன் வாடகையைத் தர இன்ஷூரன்ஸ் மறுத்துவிட்டது. உடனே அந்தக் கம்பெனி எங்கள் பக்கம் திரும்பி, வீட்டின் மேல் லீன் (பாக்கிக்காகச் சொத்தின் மேல் பதியும் உரிமை) போடுவோம் என்று மிரட்டியது. சொந்தக் குடியிருப்பு வீட்டின் மேல் லீன் போட வேண்டுமானால், வேலை தொடங்கும் முன்பே கணவன் மனைவி இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருக்க வேண்டும். அவர்களிடம் இருந்தது என் கையெழுத்து மட்டும். அதைச் சொல்லி, ஈர அளவு லாக்கையும் கேட்டு மெயில் அனுப்பினோம். பதில் வரவில்லை, பில்லும் நின்றுவிட்டது.