ராப்டரா, பவர் வேகனா, இசட்ஆர்2-வா?

அமெரிக்காவில் பெரிய பிக்கப் டிரக் வாங்கப் போகிறவர்களின் கண் முதலில் குதிரைத்திறன் மீதுதான் விழுகிறது. 450, 540, 702, 720 என்று எண் ஏற ஏற மனசும் கூடவே ஏறுகிறது. ஃபோர்டு ராப்டர், ராம் பவர் வேகன், செவர்லே இசட்ஆர்2 என்று கரடுமுரடான தடங்களுக்காகவே தொழிற்சாலையில் கட்டி விற்கப்படும் டிரக்குகளில் நான் இந்த எண்ணைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். முதலில் கேட்க வேண்டியது வேறு. மணலில் வேகமாகப் பாயப் போகிறீர்களா, பாறையில் மெதுவாக ஏறப் போகிறீர்களா? இரண்டுக்கும் வேண்டிய வண்டி ஒன்றல்ல. இரண்டையும் "ஆஃப்-ரோடு" என்ற ஒரே பெயரில் விற்பதால்தான் பலர் தேவைக்குப் பொருந்தாத வண்டியை வாங்கிவிடுகிறார்கள்.

அளவு புரிய ஒரு கணக்கு. நமக்குத் தெரிந்த ஹைலக்ஸ், வி-கிராஸ் எல்லாம் நடுத்தர அளவு பிக்கப்கள்; அகலம் சுமார் 1.86 மீட்டர். ஃபோர்டு எஃப்-150 ராப்டர் பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமலே சுமார் 2.2 மீட்டர். அதன் முகப்பு கிரில்லில் எரியும் சின்ன ஆரஞ்சு விளக்குகளை அலங்காரம் என்று பலர் நினைக்கிறார்கள். 80 அங்குலத்துக்கு, அதாவது சுமார் 2.03 மீட்டருக்கு மேல் அகலமான வண்டிக்கு அப்படி விளக்கு வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். மரங்களுக்கு நடுவே போகும் ஒற்றையடித் தடத்தில் இந்த அகலம் எவ்வளவு தொல்லை தரும் என்பதை அந்த விளக்குகளைப் பார்த்தே கணித்துவிடலாம்.

ராப்டரிலிருந்தே தொடங்குகிறேன். 2010 மாடலாக அது வந்தபோது, பாலைவனப் பந்தய டிரக்கின் சஸ்பென்ஷனை ஷோரூமில் உத்தரவாதத்தோடு வாங்கலாம் என்பதே பெரிய செய்தி. மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தில் 1967 முதல் நடக்கும் நெடும்பந்தயத்தில் என்ன வகை ஷாக் அப்சார்பர் தாக்குப்பிடிக்கிறதோ, அந்த வகையை ஃபாக்ஸ் நிறுவனம் இதற்குச் செய்து கொடுத்தது. 2017-இல் இரண்டாம் தலைமுறை வந்தபோது வி8 போய், 3.5 லிட்டர் இரட்டை டர்போ வி6, 450 குதிரைத்திறனோடு வந்தது, உடலும் அலுமினியமானது. மூன்றாம் தலைமுறையில் (2021) பின்பக்கத்தில் இருந்த பட்டை அடுக்கான லீஃப் ஸ்பிரிங் கழற்றப்பட்டு, சுருள் வடிவக் காயில் ஸ்பிரிங்கும் ஐந்து இணைப்புத் தண்டுகளும் வந்தன. என் பார்வையில் ராப்டரின் வரலாற்றில் மிக முக்கியமான மாற்றம் இதுதான், எஞ்சின் அல்ல. 35 அங்குல டயரோடு முன்சக்கரம் 14 அங்குலமும் பின்சக்கரம் 15 அங்குலமும் மேலும் கீழும் நகர முடியும்.

அந்த நகர்வு எதற்கு? பாலைவனத் தடத்தில் அலை அலையாக மேடும் பள்ளமும் வரும். மணிக்கு 80, 90 கிலோமீட்டரில் அதன் மேல் போனால் ஒவ்வொரு அலையிலும் சக்கரம் முழுதாக ஏறி முழுதாக இறங்க வேண்டும். நகர இடம் போதாவிட்டால் சஸ்பென்ஷன் முட்டி, அந்த அடி வண்டியின் இரும்புச் சட்டகத்துக்கும் முதுகுக்கும் போகும். இடம் இருந்தும் பிரச்சினை தீராது. இடைவிடாமல் ஏறி இறங்கினால் ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் எண்ணெய் சூடாகி, நீர்த்து, நுரைத்து, தாங்கும் பலத்தை இழக்கும். அதனால்தான் ஃபாக்ஸ் ஷாக்குகள் கை தடிமனுக்கு இருக்கின்றன, கூடவே தனி எண்ணெய்க் கலம் வேறு. உள்ளே பக்கவாட்டு வழிகள் வைத்திருக்கிறார்கள். பிஸ்டன் நடுப்பகுதியில் இருக்கும்போது எண்ணெய் அந்த வழியாகச் சுலபமாகப் பாயும். பயணம் மென்மையாக இருக்கும். பிஸ்டன் கடைசிப் பகுதிக்கு நெருங்கும்போது பக்க வழிகள் அடைபட்டு, எண்ணெய் பிஸ்டன் வால்வு வழியாகவே நெருக்கியடித்துப் போக வேண்டியிருப்பதால் ஷாக் தானாகவே கடினமாகிவிடும். இதன் மேல் இப்போது மின்னணுக் கட்டுப்பாடும் இருக்கிறது. கலிபோர்னியாவின் போரெகோ ஸ்பிரிங்ஸ் மாதிரியான பரந்த வறண்ட நிலத்தில் ராப்டருக்கு ஈடுகொடுத்து ஓடக்கூடியது அதன் நேர்ப் போட்டியாளரான ராம் நிறுவனத்தின் டிரக் மட்டும்தான்.

அந்தப் போட்டி 2021-இல் டி.ஆர்.எக்ஸ் வழியாக வந்தது. 6.2 லிட்டர் சூப்பர்சார்ஜர் வி8, 702 குதிரைத்திறன். பில்ஸ்டீன் ஷாக்குகள், டேனா 60 என்ற கனரகப் பின் ஆக்சில் (சக்கர அச்சு), வண்டி அந்தரத்தில் பறந்தால் அதை உணர்ந்து தன்னைத் தயார்படுத்திக்கொள்ளும் மென்பொருள். அதற்குப் பதிலடியாக ஃபோர்டு 2023-இல் 700 குதிரைத்திறன் வி8 எஞ்சினோடு ராப்டர் ஆர் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே அது 720 ஆனது. இந்த இரண்டையும் பற்றி எனக்கு வெளிப்படையான கருத்து உண்டு: கேட்க இனிமை, ஓட்ட அபாரம், காசுக்கு மதிப்பு இல்லை. ராப்டர் ஆர் விலை 1,10,000 டாலருக்கு மேல். அமெரிக்க அரசின் எரிபொருள் கணக்கில் இரண்டுமே கலப்பு ஓட்டத்தில் காலனுக்கு 12 மைல், அதாவது லிட்டருக்குச் சுமார் 5 கிலோமீட்டர். அது தார்ச்சாலையையும் சேர்த்து வந்த எண். மணலில் இன்னும் இறங்கும். அருகில் பெட்ரோல் பங்க் இல்லாத நிலத்துக்கு என்று கட்டிய வண்டிக்கு இது சின்னக் குறை அல்ல. சஸ்பென்ஷன் தாங்கும் வேகத்தை 450 குதிரைத்திறன் ராப்டரே தொட்டுவிடுகிறது. மீதி 270-ஐத் தடத்தில் முழுதாகப் பயன்படுத்தும் இடங்கள் மிகக் குறைவு.

அந்த விதத்தில் 2025-இல் டி.ஆர்.எக்ஸ் இடத்துக்கு ராம் கொண்டுவந்த ஆர்.எச்.ஓ எனக்குப் பிடித்திருக்கிறது. அதே பில்ஸ்டீன் ஷாக், அதே 35 அங்குல டயர், 11.8 அங்குல கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிக்கும் உள்ள இடைவெளி. எஞ்சின் மட்டும் 3.0 லிட்டர் இரட்டை டர்போ ஆறு சிலிண்டர், 540 குதிரைத்திறன். மூக்கில் எடை குறைந்ததும் நல்லதுதான். சுமார் 70,000 டாலரில் அது தொடங்கியது. அப்போது ராப்டர் 80,000-ஐ ஒட்டி நின்றது. மணலில் வேகம்தான் வேண்டும், கணக்கும் பார்க்க வேண்டும் என்றால் ஆர்.எச்.ஓ-வைத்தான் சொல்வேன். 37 அங்குல டயர் தொழிற்சாலையிலிருந்தே வேண்டும் என்பவர்கள் ராப்டருக்குப் போகலாம். அந்த டயர் பொதியோடு, இரு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் முன் டிஃபரென்ஷியலில், பிடிப்புள்ள சக்கரத்துக்குக் கூடுதல் சக்தி தரும் டார்சன் வகையும் கிடைக்கும், கிளியரன்ஸ் 13.1 அங்குலமாகும்.

இனி பாறை. இங்கே மேலே சொன்ன பெருமைகளில் பாதி பயனற்றுப் போகின்றன. யூட்டாவின் மோவாபிலோ, கலிபோர்னியாவின் ரூபிகான் தடத்திலோ வேகம் நடை வேகத்தைவிடக் குறைவு. சக்கரம் எவ்வளவு விரைவாக மேலேறுகிறது என்பது முக்கியமல்ல. எவ்வளவு தூரம் கீழே தொங்கித் தரையைத் தொடுகிறது, தொடாத சக்கரத்துக்குப் போகும் சக்தியை எப்படி நிறுத்துகிறோம் என்பதுதான் கேள்வி.

பவர் வேகன் இதற்காகவே இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் டாட்ஜ் ராணுவ டிரக்கிலிருந்து, போர் முடிந்த கையோடு 1946 மாடலாகப் பொதுமக்களுக்கு வந்த பெயர் அது. பண்ணை, சுரங்கம், எண்ணெய் வயல் என்று உழைத்த வண்டி. 2005-இல் அந்தப் பெயர் மறுபடி உயிர்பெற்றது. இன்றைய பவர் வேகன் ராம் 2500 என்ற கனரக பிக்கப்பின் மேல் கட்டப்பட்டது. 6.4 லிட்டர் வி8, சூப்பர்சார்ஜர் இல்லை, டர்போ இல்லை. முன்னும் பின்னும் இரு பக்கச் சக்கரங்களையும் ஒரே தண்டாக இணைக்கும் முழு ஆக்சில், இரண்டிலும் அந்தச் சக்கரங்களை ஒன்றாகச் சுழலவைக்கும் லாக்கர். முன்பக்க ஸ்வே பாரைப் பொத்தானை அழுத்திக் கழற்றிவிடலாம். முன் பம்பருக்குள்ளேயே 12,000 பவுண்டு, அதாவது சுமார் 5,400 கிலோ இழுக்கும் வார்ன் விஞ்ச், சிக்கிய வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் மோட்டார்.

முழு ஆக்சில் தராசு போல வேலை செய்கிறது: ஒரு பக்கம் பாறை மேலேற்றினால் மறுபக்கச் சக்கரம் கீழே அழுத்தப்படும். ஸ்வே பார் அந்த அசைவைத் தடுக்கிற கம்பி என்பதால், அதைக் கழற்றினால் ஆக்சில் தாராளமாகச் சாய முடிகிறது. சக்கரம் நான்கும் தரையிலேயே இருக்க, வண்டி அசையாமல் ஊர்ந்து ஏறும். ஒன்று அந்தரத்தில் தொங்கினாலும் லாக்கர் போட்டிருந்தால் அடுத்த சக்கரத்துக்குச் சக்தி போய்க்கொண்டே இருக்கும். லாக்கர் இல்லாத டிஃபரென்ஷியலில் தொங்கும் சக்கரம் வீணாகச் சுழல, வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். டி.ஆர்.எக்ஸ், ஆர்.எச்.ஓ இரண்டிலும் பின்பக்கம் மட்டுமே லாக்கர். பாறையில் அந்த வித்தியாசம் 300 குதிரைத்திறனைவிடப் பெரியது.

ஆனால் பவர் வேகனின் விளம்பரத்தில் வரும் 14.2 அங்குல கிரவுண்ட் கிளியரன்ஸை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அதன் டயர் 33 அங்குலம். சக்கரத்தின் மையம் தரையிலிருந்து 16 அங்குலத்துக்குச் சற்று மேல்தான் இருக்கும். ஆக்சிலின் டிஃபரென்ஷியல் குமிழ் அதற்கும் சில அங்குலம் கீழே இறங்குகிறது. ஆக 14.2 என்பது வயிற்றுப் பகுதியின் உயரம். டிஃபரென்ஷியலுக்கு அடியில் அவ்வளவு இருக்கவே முடியாது. வண்டியை எவ்வளவு தூக்கினாலும் முழு ஆக்சிலில் அந்தக் குமிழ் உயர ஒரே வழி, பெரிய டயர். சக்கரங்களுக்கு நடுவில் பாறையை விட்டு ஓட்டாமல், பாறை மேல் டயரை ஏற்றி ஓட்ட வேண்டும் என்று பழகியவர்கள் சொல்வது இதனால்தான்.

தார்ச்சாலையில் பவர் வேகன் ஒரு கனரக டிரக், அப்படித்தான் ஓடும். நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் கொஞ்சம் அலையும், எடை மூன்று டன்னுக்கு மேல், மணலில் வேகமாக விட்டால் முன் ஆக்சிலின் பாரமே வண்டியைத் துள்ளவைக்கும். மைலேஜ் எண்ணை ஸ்டிக்கரில் தேட வேண்டாம். இந்த எடைப் பிரிவுக்கு அமெரிக்க அரசு அந்தக் கணக்கையே வெளியிடுவதில்லை. சரி, இவ்வளவு குறை இருந்தும் தனியாக, தொலைவில், மெதுவாகப் போகிறவருக்கு நான் கைகாட்டுவது இதைத்தான்.

இந்த இரண்டு துருவங்களுக்கும் நடுவில் 2022 முதல் செவர்லே சில்வராடோ இசட்ஆர்2 நிற்கிறது. 6.2 லிட்டர் வி8, 420 குதிரைத்திறன், 33 அங்குல டயர், பின்னால் இன்னும் லீஃப் ஸ்பிரிங். தாளில் பார்த்தால் பழசு. ஆனால் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, முன்னும் பின்னும் லாக்கர். இந்த அளவு டிரக்கில் தொழிற்சாலையிலிருந்தே அது கிடைப்பது அரிது. இன்னொன்று, கனடாவின் மல்டிமேட்டிக் செய்யும் டி.எஸ்.எஸ்.வி ஷாக்குகள். வழக்கமான ஷாக்கில் மெல்லிய தகடுகள் வளைந்து எண்ணெய்க்கு வழிவிடும். இதில் வால்வில் வெட்டப்பட்ட துளையின் வடிவமே ஓட்டத்தைத் தீர்மானிக்கிறது. அதனால் சூடானாலும் குளிர்ந்தாலும் ஷாக்கின் குணம் பெரிதாக மாறாது. மின்னணு எதுவும் இல்லாமல், அலுவலகம் போகும் சாலையிலும் கல் நிறைந்த தடத்திலும் ஒரே மாதிரி நிதானமாக ஓடுவது இதன் அழகு. சக்கர நகர்வு முன்னால் 9.8 அங்குலம்தான், ராப்டரோடு பாலைவனத்தில் போட்டி போட முடியாது. முன்பக்கத் தனிச் சஸ்பென்ஷன் பவர் வேகன் அளவுக்குச் சாயவும் சாயாது. ஆஃப்-ரோடு பாகங்கள் செய்யும் ஏ.இ.வி நிறுவனத்தோடு சேர்ந்து வரும் பைசன் பதிப்பில் எஃகு பம்பரும் அடிக்கவசமும் கிடைக்கின்றன. பாறைக்குப் போகிறவர் அதையே எடுக்கலாம்.

டொயோட்டா டன்ட்ரா டி.ஆர்.டி ப்ரோவை இந்த வரிசையில் வைக்க மனமில்லை. ஹைப்ரிட் எஞ்சின் நல்லது, ஃபாக்ஸ் ஷாக் இருக்கிறது, பின்பக்கம் லாக்கர் இருக்கிறது. ஆனால் அது நன்றாகத் தயார் செய்த சாதாரண டிரக். ஃபோர்டு சூப்பர் டியூட்டியின் ட்ரெமர் பொதி வேறு கதை: 35 அங்குல டயர், விருப்பப்பட்டால் விஞ்ச், டீசல் எஞ்சினும் உண்டு. பெரிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு போய் முகாமிடுகிறவர்கள் பவர் வேகனுக்கு முன் அதைப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குறை நீளம். ராப்டரின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே சுமார் 3.7 மீட்டர், பவர் வேகனில் சுமார் 3.8. கூர்மையான மேட்டில் ஏறி இறங்கும்போது நடுவயிறு தட்டும். 37 அங்குல டயர் போட்ட ராப்டரிலேயே வயிறு தட்டாமல் கடக்கக்கூடிய மேட்டின் கோணம் 24.4 பாகைதான். வளைவுகளில் ஒரே திருப்பில் போக முடியாது, பின்னெடுத்து மறுபடி திருப்ப வேண்டும். மோவாபில் குட்டி ஜீப் கடந்துபோன இடத்தில் எந்தப் பெரிய டிரக்கும் திணறும். தடம் குறுகலானது என்று தெரிந்தால் இந்த வகையையே விட்டு, நடுத்தர அளவுக்கு இறங்குவது புத்திசாலித்தனம்.

இன்னொன்று சுமை. மென்மையான நீண்ட சஸ்பென்ஷனுக்கு விலை இங்கேதான் கொடுக்கிறோம். ராப்டர் தாங்குவது சுமார் 635 கிலோ, இசட்ஆர்2-வும் அதையொட்டித்தான். பவர் வேகன் 700 கிலோவைக் கொஞ்சம் தாண்டும், அதே ராம் 2500-இன் சாதாரண மாடல்கள் அதைப்போல இரண்டு மடங்கு சுமக்கும். ராப்டரில் பெரியவர் ஐந்து பேர், ஆளுக்கு 80 கிலோ என்றால் 400 போயிற்று. மீதி 235 கிலோவுக்குள் கூரைக் கூடாரம், தண்ணீர், கூடுதல் பெட்ரோல், கருவிப்பெட்டி, குளிர்பெட்டி எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. நீண்ட பயணத்துக்குக் குடும்பத்தோடு போக வாங்குகிறவர் ஷோரூமிலேயே ஓட்டுநர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படிக்கட்டும். அந்தக் குறிப்பிட்ட வண்டி ஆட்களும் சாமான்களுமாக எத்தனை கிலோ தாங்கும் என்று அதில் அச்சிட்டிருக்கும். கண்ணாடிக் கூரை, பெரிய சக்கரம் என்று கூடுதல் வசதி சேரச் சேர அந்த எண் குறைந்துகொண்டே வரும். ஒரே மாடலில் இரண்டு வண்டி பக்கத்தில் நின்றால் இரண்டின் ஸ்டிக்கரையும் பார்த்து, எண் அதிகமுள்ளதை எடுங்கள்.